இன்னும் நடங்க என்று சொல்லாதீர்கள்

நான் கணக்கு எழுதும் சாயப்பட்டறையில் சாயப்பொடி நிறுக்க ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு உண்டு. ஒரு கிராம் முன்னே பின்னே போனாலும் லுங்கிக் கட்டத்தின் நிறம் வேறாகிவிடும். அதனால் அந்தத் தராசை எல்லோரும் நம்புவார்கள். போன ஐப்பசியில் ஒருநாள், நாலு மணி டீ வந்த நேரத்தில், அதைத் துடைத்து வெள்ளைத்தாள் விரித்து, வழக்கமாக அள்ளுவதுபோலவே மிக்சரை ஒரு கை அள்ளி வைத்தேன். 35 கிராம். அதை எடுத்துவிட்டுப் பருப்பு வடை ஒன்றை வைத்தேன். 45 கிராம். வடையை எடுத்தபோது அது இருந்த இடத்தில் தாள் கண்ணாடி போலாகி, அடியில் இருந்த எஃகுத் தட்டு தெரிந்தது.

அதற்கு முந்தைய பதினான்கு மாதமும் நான் விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தேன். வாரத்துக்கு ஆறு நாள். வீட்டிலிருந்து காவிரிப் பாலம், பாலத்தைத் தாண்டிப் பவானிக் கரை, அங்கிருந்து திரும்பி வீடு. நாலு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். தொடங்கியபோது 74 கிலோ இருந்தேன். பதினான்கு மாதம் கழித்து 73½.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். “பத்தாதுங்க. இன்னுங் கொஞ்சம் சேத்து நடங்க. தானாக் கரைஞ்சுரும்.” பாலத்தில் எதிரே வருகிற நண்பர்கள் சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் சொன்னார்கள். எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பதில் தவறு. அதற்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன. நடந்தால் எடை குறையும் என்பது முதலாவது. குறையவில்லை என்றால் நடப்பவனிடம்தான் குறை, அவன் ஏமாற்றுகிறான் அல்லது சோம்பேறி என்பது இரண்டாவது. முதல் தவறு நம் நேரத்தைத் தின்கிறது. இரண்டாவது தவறு மனிதர்களை அவமானப்படுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். 74 கிலோ உடம்பு சமதரையில் 4 கிலோமீட்டர் நடக்கிறது. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு கொஞ்சம் செலவழித்திருக்கும். அதைக் கழித்துவிட்டால் நடையால் கூடுதலாகச் செலவாவது 150 முதல் 180 கலோரி. இனி வரவு. மாவு, சர்க்கரை, புரதம் எல்லாம் கிராமுக்கு 4 கலோரி. எண்ணெய் கிராமுக்கு 9. பொரித்த மிக்சர் 100 கிராமுக்கு 500 கலோரிக்குக் குறையாது. அப்படியானால் தராசில் வைத்த அந்த ஒரு கைப்பிடி 175 கலோரி. காலையில் ஆற்றுக் காற்றில் முக்கால் மணி நேரம் நடந்தது, சாயங்காலம் கணக்குப் புத்தகத்திலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல் வாயில் போட்ட ஒரு கைப்பிடியில் முடிந்துபோகிறது. வடை ஒன்று 120ஐ ஒட்டி வரும். நான் தின்பது இரண்டு. டீ ஒரு நாளைக்கு நாலு. ஒன்றுக்கு இரண்டு கரண்டி என்று வைத்தால் சர்க்கரை மட்டும் 40 கிராம், 160 கலோரி. உணவில் சேர்க்கிற சர்க்கரை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நான் டீயிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறேன்.

கூட்டினால் 575. இதை நடந்தே தீர்க்க வேண்டுமென்றால் தினமும் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும், ஏறத்தாழ எங்கள் ஊர் குமாரபாளையத்திலிருந்து ஈரோடு வரைக்கும். ‘இன்னும் கொஞ்சம் சேத்து நடங்க’ என்கிறவர்கள் எவ்வளவு சேர்த்து என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவன். என் தங்கையின் கதையைச் சொல்கிறேன். அவள் தறி ஓட்டுகிறாள். காலை எட்டுக்குப் போனால் ராத்திரி எட்டு. நாலு தறிக்கு இடையில் போவதும் வருவதும், இழை அறுந்தால் குனிந்து எடுத்து முடிவதும், தார் தீர்ந்தால் நாடாவை எடுத்து வேறு தார் போடுவதும்தான் நாள் முழுக்க. பன்னிரண்டு மணி நேரத்தில் அவள் உட்கார்வது சாப்பிடும்போது மட்டும். முட்டி வலி என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எடை பார்த்தார்கள், 78. அங்கிருந்தவர் சீட்டைப் பார்த்தபடியே, “உடம்ப அசைக்கறதே இல்லைங்களா? காலைல எந்திரிச்சு நடங்க” என்றாராம். வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு கேட்டாள்: “பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே இருக்கறேன், அண்ணா. இதுக்கு மேல எங்க போயி நடக்கறது?”

அவளுக்குப் பதில் சொல்ல எனக்குக் கிடைத்தது ஒரு பழைய ஆய்வு. நம் ஊர் மாதிரியே நூலும் நெசவுமாக இருந்த ஓர் ஆலையில் நடந்தது. மேற்கு வங்கத்தில் கல்கத்தாவுக்குப் பக்கத்துச் சணல் ஆலை. சத்துணவு ஆய்வாளர் ஜான் மேயரும் பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா ஆகியோரும் அந்த ஆலையின் ஆட்கள் என்ன தின்கிறார்கள், எவ்வளவு எடை இருக்கிறார்கள் என்று பார்த்து 1956-இல் வெளியிட்டார்கள். கடை வைத்திருப்பவர், கணக்கர், மேற்பார்வையாளர், நூல் சுற்றுபவர், நெசவாளர், சாம்பல் சுமப்பவர், நிலக்கரி அள்ளுபவர் என்று வேலையின் கடுமைப்படி வரிசையாகப் பிரித்தார்கள். இலேசான வேலையிலிருந்து மிகக் கடுமையான வேலை வரை போகப் போக உணவும் கூடிக்கொண்டே போனது. எடை மட்டும் பெரிதாக மாறவில்லை. வேலை கூடினால் பசியும் அதற்கேற்பக் கூடியது. உடம்பு செலவை எழுதி வைத்துக்கொண்டு வரவைக் கேட்டு வாங்கியது.

இந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆலையில் கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் கணக்கர்களும் கடுமையாக உழைத்தவர்கள் அளவுக்கே தின்றார்கள். அவர்கள்தான் கனமாக இருந்தார்கள். என்னைப் போல நாள் முழுக்க உட்கார்கிறவன் எழுந்து நடமாட வேண்டும் என்பதற்கு அது சாட்சி. நடையை ஆதரிப்பவர்கள் அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற என் தங்கைக்கு அந்தப் பாதி பொருந்தாது. அவள் வரிசையில் நெசவாளர் இருக்கிற இடத்தில் இருக்கிறாள். அங்கே இன்னும் கூட்டினால் பசிதான் கூடும்.

பிற்காலத்து ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன. அமெரிக்காவில் திமோத்தி சர்ச் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற, எடை மிகுந்த 464 பெண்களை நாலு பிரிவாக்கி ஆறு மாதம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சியே இல்லை. மற்ற மூன்று பிரிவுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பயிற்சி. அதிகமாகச் செய்தவர்களுக்குத்தான் அதிகமாகக் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? அவர்களுக்கு ஒன்றரை கிலோதான் குறைந்தது, கணக்குப்படி குறைய வேண்டியதில் பாதியை ஒட்டி. நடுத்தரமாகச் செய்தவர்கள் அவர்களைவிடக் கூடுதலாகவே குறைத்திருந்தார்கள். தான்சானியாவின் ஹட்சா வேடர்களைப் பற்றி ஹெர்மன் பான்ட்சர் 2012-இல் எழுதியதும் இங்கே நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்கள் நாளுக்கு 11 கிலோமீட்டர் போல நடக்கிறார்கள். உடம்பின் அளவை ஈடுகட்டிப் பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கிற சக்தி நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற மேற்கத்தியரைவிடக் கூடுதலாக இல்லை. ஓர் இடத்தில் செலவு கூடினால் உடம்பு இன்னோர் இடத்தில் சிக்கனம் பிடிக்கிறது.

அப்படியானால் நம் ஊரில் எடை எப்படி ஏறியது? 2015-16-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள். 2019-21 ஆய்வில் அது 40.4. ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. இடையில் நாலைந்து வருடம்தான். இந்த நாலைந்து வருடத்தில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள் புதிதாகச் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அவர்களின் குணம் மாறவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பண்டம்தான் மாறியது.

இங்கேதான் ஒரு பதில் வரும். “நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லீங்க. காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி தோசை.” இதைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. நம் பேச்சிலேயே சாப்பாடு வேறு, தீனி வேறு. ‘சாப்டாச்சா?’ என்று கேட்டால் சோறு, இட்லி, தோசையைப் பற்றித்தான் கேட்கிறோம். மூன்று வடையும் அரைத்தட்டு முறுக்கும் தின்றவர் ‘இன்னும் சாப்பிடல’ என்று சொல்வார், நாமும் பாவம் என்று சோறு போடுவோம். டீக்குக் ‘கடிக்க’ ஏதாவது என்போம். கடிப்பது தின்பதில் சேராது. டீயோ குடிப்பதில்கூடச் சேராது, அது வந்தவருக்குச் செய்கிற மரியாதை. முறுக்குப் பிழியும்போது உப்புப் பார்க்கத் தின்ற நாலு முறுக்கும் கணக்கில் வராது, பிள்ளை மீதி வைத்த சிப்ஸை வீணாக்காமல் வாயில் போட்டதும் வராது. நியூயார்க்கில் ஸ்டீவன் லிக்ட்மன் குழு 1992-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு உண்டு. ‘எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை’ என்று சொன்ன பத்துப் பேரைச் சோதித்தார்கள். உண்மையில் தின்றதை அவர்கள் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள்; செய்த உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரை யாரும் பொய்யர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மனித மனசு சாப்பாட்டை நினைவு வைக்கும், கொறித்ததை வைக்காது. நம் மொழி அதை இன்னும் எளிதாக்கிவிட்டது, அவ்வளவுதான்.

என் தங்கையிடம் ஒரு வாரம் எழுதச் சொன்னேன். நோட்டில் எல்லாவற்றையும், கடித்ததையும் குடித்ததையும். மூன்றாம் நாள் அவளே நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். சோறு, குழம்பு எழுதிய வரி நாலு. டீ, பன், வடை, போண்டா, காராச்சேவு எழுதிய வரி பதினொன்று. “இவ்வளவா, அண்ணா?” என்றாள். தன்மேல் கோபம் இல்லாத குரலில்தான் கேட்டாள். அவளுக்கு அது செய்தி.

இனி அடுத்த நம்பிக்கை. “கடையில தின்னாத்தானுங்க கெடுதல். நாங்க வீட்லயே செக்கு எண்ணெயில போடறது.” இதை நம் கொங்கு நாட்டில் மறுத்துப் பேசுவது கஷ்டம், ஏனென்றால் நல்ல பொருள்கள் மேல் நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். பவானியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை வாங்குகிறார்கள். அந்தச் சர்க்கரையின் மணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் எடைக் கணக்கில் அது வெள்ளைச் சர்க்கரையிலிருந்து விலகி நிற்பது சில கலோரிதான். மரச்செக்குக் கடலையெண்ணெய்க்கும் கிராமுக்கு 9 கலோரிதான், ரேஷன் கடைப் பாமாயிலுக்கும் 9-தான். கம்பு மாவு, தினை மாவு, ராகி மாவு எதில் முறுக்குச் சுட்டாலும் எண்ணெய் உள்ளே போகிற வழி ஒன்றே. சேலத்தில் பெயர் வாங்கி இப்போது எங்கள் தெருமுனைக்கும் வந்துவிட்ட தட்டுவடை செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். “உள்ள பீட்ரூட்டு, கேரட்டெல்லாம் இருக்குதுங்களே” என்பார்கள். இருக்கிறது. மேலும் கீழும் எண்ணெயில் பொரித்த தட்டு வடையும் இருக்கிறது. நல்ல பொருள் என்பது வேறு, எத்தனை என்பது வேறு. ‘ஆரோக்கியம்’ என்ற சீட்டை ஒட்டியதும் கை இன்னொரு முறை அள்ளுகிறது, அதுதான் தொல்லை.

கொள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிச் சொல்லி, வாரத்துக்கு மூன்று நாள் கொள்ளு ரசம் குடிக்கிறார்கள் என் வீட்டில். கொள்ளு அருமையான தானியம், நான் மறுக்க மாட்டேன். ஆனால் கொழுப்புக்குப் போட்டியாக வயிற்றுக்குள் போய் அதைக் கரைத்துவிட்டு வரும் வேலையை அது செய்யாது. வடை இருந்த இடத்தில் கொள்ளுச் சுண்டல் வந்தால் பலன் உண்டு. வடைக்கு மேலே கொள்ளு ரசம் ஊற்றினால் வடையோடு ரசமும் சேர்ந்தது, அவ்வளவுதான்.

“அந்தக் காலத்துல நம்ம தாத்தன் பாட்டியெல்லாம் பலகாரம் தின்னாம இருந்தாங்களா?” என்று கேட்பார்கள். தின்றார்கள், நோம்பிக்கு நோம்பி. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும், பொங்கலுக்குக் கச்சாயம், ஆடி பதினெட்டுக்குப் பவானிக் கூடுதுறை போய் வரும்போது கட்டிக்கொண்டு போன ஏதாவது ஒன்று. என் பாட்டி எண்ணெய்ச் சட்டி வைத்த நாள்களை விரல்விட்டு எண்ணிச் சொல்வார். ஏனென்றால் எண்ணெய் விலை அப்படி. இன்றைக்கு இந்தியாவில் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 19 கிலோவுக்கு மேல் சமையல் எண்ணெய் செலவாகிறது என்று நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 50 கிராமுக்கு மேல், 450 கலோரிக்கு மேல். குழந்தையையும் கிழவியையும் சேர்த்த சராசரி அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிற அளவு வருடத்துக்கு 12 கிலோதான். தமிழ்நாட்டில் 2007-இலிருந்து சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் குடும்ப அட்டைக்கு ஒரு லிட்டர் பாமாயில் மலிவு விலையில், இப்போது 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழை வீட்டுச் சமையலுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும், அதை நிறுத்தச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் தாத்தாவின் பலகாரத்தை இன்றைய பலகாரத்தோடு ஒப்பிடுகிறவர்கள் எண்ணெய்ச் சட்டி வருடத்தில் எத்தனை நாள் அடுப்பில் ஏறியது என்பதையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். அவருக்கு அது பண்டிகை. நமக்கு அது நாலு மணி.

அந்த நாலு மணியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அடுத்த பழி அங்கேதான் விழுகிறது: “வாயக் கட்டத் தெரியலீங்க.” தறிக்குடோனில் பகல் ஷிப்டு ஆள் ஒரு மணிக்குச் சோறு சாப்பிடுகிறார். எட்டு மணிக்குத் தறி நிற்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடும்போது ஒன்பது. இடையில் எட்டு மணி நேரம். நாலு மணிக்கு அவருக்கு வருவது ஆசை இல்லை, பசி. அந்த நேரத்தில் தறிச் சத்தத்தையும் மீறி, ஒரு கையில் டீ கேனும் ஒரு கையில் வடைக் கூடையுமாகப் பையன் உள்ளே வருகிறான். தறியை நிறுத்த முடியாது, நிறுத்தினால் மீட்டர் குறையும், மீட்டர் குறைந்தால் கூலி குறையும். கை கழுவ, உட்கார, தட்டு எடுக்க நேரம் இல்லை. நின்றபடி, ஒரு கண் தறியில் இருக்க, இரண்டு நிமிஷத்தில் உள்ளே போகக்கூடிய பண்டம் எது? வடைதான். கூடையில் இருப்பதும் அதுதான், கணக்கில் எழுதிக் கொடுப்பதும் அதுதான். ராத்திரி ஷிப்டில் இன்னும் மோசம். தூக்கத்தை விரட்ட ரெண்டு மணிக்கு டீயும் பன்னும், விடியும் முன் மறுபடி டீ. இதைத் தனி ஆளின் வாய்க்கட்டுப்பாடு என்று யாராவது சொன்னால், அவர் ஒருநாள் ராத்திரி எங்கள் ஊரில் தறி ஓட்டிப் பார்க்கட்டும்.

பண்டத்துக்கும் தனி சக்தி உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வுக்காக இருபது பேரைத் தங்கவைத்துச் சோதித்தார். இரண்டு வாரம் ஆலைகளில் பதப்படுத்திப் பாக்கெட்டில் வருகிற உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. இரண்டிலும் வைத்த சத்து அளவு ஒன்றுபோலவே. வேண்டியதை வேண்டிய மட்டும் தின்னலாம் என்று விட்டார்கள். பாக்கெட் உணவு வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்கு 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், எடையும் ஏறியது. அவர்களின் மன உறுதி இரண்டு வாரத்தில் மாறிவிடவில்லை. தட்டுதான் மாறியது. பத்து ரூபாய் பாக்கெட் கடைக் கதவிலேயே சரம் சரமாகத் தொங்குகிற தெருவில் வாழ்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடந்தால் போதும், என்ன வேண்டுமானாலும் தின்னலாம் என்ற பேச்சால் லாபம் யாருக்கு என்பதும் ஊர் அறிந்த கதைதான். 2014-இல் அமெரிக்காவில் ‘உலகளாவிய ஆற்றல் சமநிலை வலையம்’ என்ற பெயரில் சில விஞ்ஞானிகள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். உணவைக் குறை சொன்னது போதும், உடற்பயிற்சியைப் பாருங்கள் என்பதுதான் அவர்கள் பேச்சு. பின்னால் இருந்த பணம் கோக்க-கோலாவுடையது, 15 லட்சம் டாலர். 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியே கொண்டுவந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அமைப்பை மூடிவிட்டார்கள். பாலத்தில் எனக்கு அறிவுரை சொன்ன நண்பருக்கு இதில் பங்கு இல்லை. ஆனால் பண்டம் விற்கிறவருக்கு ஏற்ற பேச்சு எது என்று தெரிந்துகொண்டால், அது ஏன் இவ்வளவு சுலபமாக எல்லோர் வாயிலும் வருகிறது என்று கொஞ்சம் புரியும்.

நான் நடையை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. விட மாட்டேன். தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4-இல் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் பாதைகளைக் குறித்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று தொடங்கியபோது எனக்குச் சந்தோஷமே. அந்தப் பெயரில் ‘எடை குறைப்போம்’ என்று இல்லை. அதுதான் சரி. நடையின் உண்மையான கூலி என்ன என்பதற்கு நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று வருடம் கவனித்தார்கள். சும்மா விட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் சொல்லிக் கொடுத்த பிரிவில் 39.3 விழுக்காடு. மாத்திரை கொடுத்த பிரிவில் 40.5. வாழ்க்கை முறையை மாற்றியவர்கள் மாத்திரைக்கு நிகராகத் தப்பித்தார்கள். அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை!

இந்த ஒரு செய்தியை எங்கள் ஊர் பாலத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் தை மாதம் புது ஷூ வாங்கி நடக்கத் தொடங்கி, பங்குனியில் எடை மெஷினில் ஏறி, முள் அசையவில்லை என்று சித்திரையில் நிறுத்திவிடுகிறார்கள். நடை அந்த மூன்று மாதத்தில் அவர்களின் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் செய்த நன்மை எல்லாம் போகிறது. செய்ய முடியாத வேலையை அதன் தலையில் கட்டி, செய்யவில்லை என்று துரத்திவிடுகிறார்கள். ‘நடந்தால் கரையும்’ என்று சொல்கிறவர்கள் நடைக்கே செய்கிற கெடுதல் இது.

எங்கள் பட்டறையில் இதையெல்லாம் நான் முதலாளியிடம் பேசினேன். வடை நிறுத்தச் சொல்லவில்லை, அது பட்டறை கொடுக்கிற மரியாதை. அதன் இடத்தில் வேறொன்று வைக்கலாமா என்று கேட்டேன். நம் நாமக்கல் மாவட்டமே முட்டை மாவட்டம். வேகவைத்த முட்டை ஒன்று 70 கலோரியை ஒட்டித்தான் வரும், பசியும் தாங்கும். வேகவைத்த கடலை இருக்கிறது, தட்டப்பயிறு இருக்கிறது. 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலை 165 கலோரிக்குள், ஒரு கைப்பிடி மிக்சர் அளவுதான். ஆனால் தின்று முடிக்க நேரம் பிடிக்கும், வயிறும் நிறையும். முதலாளி யோசித்துவிட்டு, “செலவு?” என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். சுண்டல் வடையைவிடக் குறைவாகவே வந்தது.

கார்த்திகை முதல் வாரத்திலிருந்து பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் நாலு மணிக்குத் தூக்குவாளியில் சுண்டல் கொண்டுவருகிறார். தேங்காய் கொஞ்சம், கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை. முதல் நாள் சாயத்தொட்டியில் நிற்கும் பெரியவர் வாங்கிப் பார்த்து, “இது சாமிக்குப் படைக்கறதாச்சே” என்று சொல்லிவிட்டு நின்றபடி தின்றார். டீயில் ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைக்கும்படி கடைப்பையனிடம் சொல்லியிருக்கிறேன். சிலருக்குப் பிடிக்கவில்லை, அவர்கள் பழையபடியே குடிக்கிறார்கள். மிக்சர் டப்பா என் மேசையில் இல்லை. ராத்திரி ஷிப்டுக்கு இன்னும் பன்தான் போகிறது, அக்காவால் அந்த நேரத்தில் வர முடியாது.

தங்கை வேலை செய்யும் குடோனில் இதெல்லாம் நடக்கவில்லை. அவள் காலையில் தானே ஒரு டப்பாவில் தட்டப்பயிறு வேகவைத்து எடுத்துப் போகிறாள். நாலு மணிக்குப் பையன் வந்து “அக்கா, எத்தன வடை?” என்று கேட்டால், “ஒண்ணு போதுந்தம்பி” என்கிறாளாம். முன்பு மூன்று வாங்குவாள். நோட்டு இன்னும் எழுதுகிறாள். போன வாரம் முட்டி வலிக்காக வேறோர் இடத்துக்குப் போனபோது அந்த நோட்டைத்தான் கையோடு எடுத்துப் போனாள்.